அண்டை வெட்டு

கூத்தாநல்லூரில் ஓட்டம் நின்றுபோன அரைவை மில்.
மூட்டை அடுக்கிய சிமெண்டுத் தரையில்
சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள் திராகானா.
இதுதான் எல்லை என்றாள்.
நான் அதைத் தமிழில் சொன்னேன்.
அதற்குத்தான் எனக்கு நாள் சம்பளம்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் யாசர்,
அலெப்போவில் பிறந்து பிரேமனில் ரொட்டி சுடுகிறவன்.
இந்தப் பக்கம் குகதாசன்.
திருச்சியை ஒட்டிய முகாமில் பிறந்து
முப்பத்து மூன்று வயதாகிறது,
பாஸ்போர்ட் எடுக்க ஒரு நாடு இல்லை.
தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு
முதல் பஸ்ஸில் வருவான்,
இருட்டுவதற்குள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும்.

நாடகத்தில் குடியேற்ற அதிகாரி அவன்தான்.
முத்திரை திருவாரூரில் செய்தோம்.
எந்த ஆபீசுக்கும்மா என்றார் கடைக்காரர்.
எழுத்தே வேண்டாம், வெறும் வட்டம் போதும் என்றேன்.
அதற்கும் இருநூற்றைம்பது வாங்கிக்கொண்டார்.

மூன்று நாளாகியும் கோட்டை ஒருவரும் மதிக்கவில்லை.
டீக்கடைப் பையன் மிதித்துக்கொண்டு போனான்.
ஓர் ஆடு அதன்மேல் படுத்து அசைபோட்டது.
இந்த ஊரில் எல்லைக்கு என்ன பேர், கேள்
என்று என்மேல் எரிந்து விழுந்தாள் திராகானா.

சமைக்க வந்த தையல்நாயகி
கரண்டியோடு வந்து நின்றாள்.
வரப்புதான், வேறென்ன.
வருஷா வருஷம் நடவுக்கு முன்னால் அண்டை வெட்டுவாங்க.
புல்லைச் சீவுற சாக்குல
பங்காளி நம்ம பக்கமா ஒரு விரக்கடை தள்ளி வெட்டுவான்.
கேட்டா, நண்டு வளையை அடைச்சேம்பான்.
ஒரு முழம் போயிடுச்சு.
மன்னார்குடி கோர்ட்டுல இன்னும் வாய்தா.

வரப்பின் விலாவுக்கும் அண்டை,
பக்கத்து வீட்டுக்கும் அண்டை,
பக்கத்து நாட்டுக்கும் அதே சொல்.
இதை எந்த மொழிக்குக் கொண்டுபோக?
ஆண்டுக்கொரு முறை பக்கத்துக்காரனைச் சீவுகிறோம்
என்று எதையோ சொல்லிவைத்தேன்.
எல்லாரும் சிரித்தார்கள், யாசரைத் தவிர.
எங்கள் தெருவையும் அப்படித்தான் சீவினார்கள் என்றான்.

கோட்டை அழித்துவிட்டு
வெண்ணாற்றுக் களிமண் ஒரு டிராக்டர் இறக்கி
மில்லுக்குள் வரப்பு போட்டோம்.

அன்று மாலை மழை.
நடவுக்கு வந்த வங்காளத்து ஆட்கள் ஒன்பது பேர்
தலையில் உரச்சாக்கோடு ஒதுங்க வந்தார்கள்.
ஒத்திகை என்று யாரும் சொல்லவில்லை.
இவ்வளவு அகலத் தரை கிடக்க
ஒருவர் பின் ஒருவராய்
வரப்பின் மேலேயே நடந்து
கடைசிச் சுவரோரம் போய்க் குந்தினார்கள்.
ஒருத்தன் வழியில் குனிந்து
உடைந்த இடத்தைக் குதிகாலால் மிதித்துச் சரிசெய்தான்.
திராகானா எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
பேனா கையிலேயே இருந்தது.

ஐப்பசியில் பிரேமனில் அரங்கேற்றம்.
ஏழு பேருக்கு விசா வந்தது.
அங்கே தமிழ் திரையில் ஓடும் எழுத்தாகிவிட்டதால்
நானும் தேவைப்படவில்லை.
முத்திரைச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு என்றார்கள்.
குகதாசன் மாட்டேன் என்றான்,
அதிகாரி ஒவ்வொரு நாளும் வேற மாதிரி குத்துவான்.

அவர்களுக்குக் காலை பதினொன்று,
எங்களுக்கு மதியம் இரண்டரை.
மில்லில் நாங்கள் இரண்டு பேர், ஒரு போன், ஒரு முக்காலி.
சின்னத் திரையில் யாசர் கையை நீட்டினான்.
குகதாசன் குத்தினான்.
சத்தம் போய்ச் சேர இரண்டு நொடி.
அதுவரை யாசர் நீட்டிய கையோடு நின்றான்,
அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.
அடுத்த காட்சிக்கும் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்
என்று பிறகு திராகானா எழுதியிருந்தாள்.

கைதட்டல் கேட்டபோது அவன் இல்லை,
மூன்றேகால் பஸ்ஸுக்கு ஓடியிருந்தான்.

காய்ந்து வெடித்த வரப்பில்
ஒன்பது பேரின் கால்தடம் கல்லாகிக் கிடந்தது.
முத்திரையை எடுத்து
அதன் பக்கத்தில் ஒருமுறை குத்திப் பார்த்தேன்.
வட்டம் விழவில்லை.
கொஞ்சம் மண் உதிர்ந்தது,
எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.